ஊர்க்கோவில் திருவிழாவை இணையத்தில் நேரலையாகக் காட்டலாமா? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்

ஒட்டுசுட்டான் வாசி:

வணக்கம். ஒட்டுசுட்டானுக்கு அண்மையில் உள்ள ஒரு சிறிய அம்மன் ஆலயத்தின் பரிபாலன சபையில் நான் செயலாளராக இருக்கிறேன். எங்கள் ஊரில் இன்று நிலையாக வாழ்பவை நூறு குடும்பங்களுக்குச் சற்று மேல். அதற்குக் குறையாத எண்ணிக்கையில் எங்கள் ஊரவர் கனடாவிலும் பிரான்சிலும் சுவிசிலும் இருக்கிறார்கள். பத்துத் திருவிழாக்களில் ஆறின் செலவை ஏற்கும் உபயகாரர்கள் வெளிநாட்டில் வாழ்பவர்கள். அவர்களுடைய பெயருக்குச் சங்கற்பம் செய்யப்படுகிறது, ஒலிபெருக்கியில் பெயர் வாசிக்கப்படுகிறது, காளாஞ்சியை அவர்களுடைய சித்தப்பாவோ மாமியோ வாங்கிச் செல்கிறார். உபயகாரர் மட்டும் எதையும் காண்பதில்லை. இந்த ஆண்டு அவர்களில் நால்வர் சேர்ந்து, திருவிழா முழுவதையும் நேரலையாகக் காட்டும்படியும் அதற்கான செலவைத் தாங்களே ஏற்பதாகவும் எழுதியிருக்கிறார்கள்.

விளையாட்டுக் கழகத்து இளைஞர்கள் இதற்கு ஒரு கைத்தொலைபேசியும் ஒரு டேட்டா அட்டையும் போதும் என்கிறார்கள். எங்கள் தலைவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். வீட்டு முற்றத்தில் நடப்பதைச் சந்தியில் திரை கட்டிக் காட்டுவதைப் போன்றது இது என்று சொல்லி அவர் மறுக்கிறார். மூலஸ்தானத்தைப் படம் பிடிக்காவிட்டால் தமக்கு மறுப்பில்லை என்று குருக்கள் சொல்லிவிட்டார். திருவிழா ஆனி மாதம்; சித்திரை முடிவதற்குள் சபை முடிவெடுக்க வேண்டும். நேரலை செய்தவர்களும், செய்யப்பட்டவர்களும், தூரத்திலிருந்து பார்த்தவர்களும் தங்கள் அனுபவத்தை எழுதினால் சபைக் கூட்டத்தில் அதை வாசிப்பேன்.

புதுக்குடியிருப்புக் கமராக்காரன்:

செயலாளர் ஐயாவுக்கு வணக்கம். திருமணம், சாமத்தியச் சடங்கு, திருவிழா, மரண வீடு எல்லாவற்றையும் பத்து ஆண்டுகளாகப் படம் பிடித்து வருகிறேன். நேரலை கேட்பவர்கள் முன்பு ஆண்டுக்கு இரண்டு மூன்று பேர்தான் இருந்தார்கள். 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாக் கட்டுப்பாடுகளால் ஆலயங்களுக்குப் போக முடியாமல் இருந்த காலத்துக்குப் பின்னர், நேரலை இல்லாத வேலை எனக்கு அரிதாகிவிட்டது.

ஒரு கைத்தொலைபேசி போதும் என்று உங்கள் இளைஞர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. முதலில் கணக்கைச் சொல்கிறேன். ஓரளவு தெளிவான படம் போவதற்கு வினாடிக்கு 2.5 மெகாபிட் அளவில் அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பினால் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 1.1 கிகாபைட் டேட்டா போகும். மாலைத் திருவிழா ஐந்து மணித்தியாலம் என்றால் ஆறு கிகாபைட்டை எடுத்துவைக்க வேண்டும். இது பெரிய செலவன்று. சிக்கல் வேகத்தில் இருக்கிறது, அதிலும் பதிவேற்றும் வேகத்தில். நாம் வழக்கமாகப் பார்ப்பது பதிவிறக்கும் வேகத்தை. படம் ஓடுகிறது, பாட்டுக் கேட்கிறது என்பதால் நேரலையும் போகும் என்று நம்பிவிடுகிறோம். முதல் நாள் இரவு ஆலய வீதியில் நின்று சோதித்துப் பார்த்தால் எல்லாம் நன்றாகவே இருக்கும். தேர் நாளில் ஆயிரம் பேர் ஆயிரம் கைத்தொலைபேசிகளுடன் ஒரே கோபுரத்தைப் பங்குபோடும்போது அந்த வேகம் எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கும். ஆகவே இரண்டு வெவ்வேறு வலையமைப்புகளின் சிம் வைத்திருங்கள். பிரதான வீதியோரத்தில் எவருடைய வீட்டிலாவது ஃபைபர் இணைப்பு இருந்தால் அங்கிருந்து வயர் இழுப்பதுதான் எல்லாவற்றிலும் உறுதியான வழி.

வெயிலில் வைத்த கைத்தொலைபேசி சூடேறித் தானாக அணைந்துவிடும்; இது எனக்கு இரண்டு முறை தேர் நடக்கும்போதே நிகழ்ந்திருக்கிறது. யாராவது அழைத்தால் நேரலை இடையில் நின்றுபோவதும் உண்டு. கொடியேற்றம் நடந்துகொண்டிருக்கும்போது “கொடியேற்றம் தொடங்கிவிட்டதா?” என்று கேட்க அழைத்தவரால் கொடியேற்றமே ஒருவருக்கும் தெரியாமல் போன கதையை நான் இன்னும் சொல்லிச் சிரிக்கிறேன். ஒலிக்கு ஒலிபெருக்கிக்காரரின் பெட்டியிலிருந்து நேராக வயர் எடுக்க வேண்டும். கைத்தொலைபேசியின் மைக்கை நம்பினால் தவில் அடியில் எல்லாம் கிழிந்து, குருக்களின் குரல் கேட்காது.

பலருக்குத் தெரியாத இன்னொன்று பாட்டு உரிமை. ஒலிபெருக்கியில் போகும் பக்திப் பாடல் ஏதோ ஒரு இசை நிறுவனத்துக்குச் சொந்தமாக இருக்கும். யூரியூப்பும் முகநூலும் அதைத் தாமாகவே கண்டுபிடித்து ஒலியை நிறுத்தலாம், சில வேளைகளில் நேரலையையே இடைமறிக்கலாம். நேரில் வாசிக்கும் நாதஸ்வரத்தோடும் பூசை ஒலியோடும் நின்றுகொண்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இராது.

புதுக் கணக்கைத் திருவிழாவுக்கு முதல் நாள் திறந்து பயனில்லை. முகநூலில் நேரலை செய்யக் கணக்குக்கு 60 நாள் வயதும் 100 பின்தொடர்பவர்களும் வேண்டும் என்ற விதி 2024 ஜூன் முதல் இருக்கிறது. யூரியூப்பில் கைத்தொலைபேசியிலிருந்து செய்ய 50 சந்தாதாரர்கள் வேண்டும். முதன்முறை அனுமதி கிடைக்க 24 மணித்தியாலம் வரை ஆகலாம். கணினி வழியாகச் செய்தால் அந்த 50 பேர் தேவையில்லை. இன்னும், முகநூலில் செய்த நேரலை 2025 பெப்ரவரியில் வந்த மாற்றத்தின்படி 30 நாள்களில் அழிந்துவிடும். உபயகாரர்கள் அதற்குள் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

இதுவரை எழுதியது தொழில். நேரலை செய்தவர்களின் அனுபவத்தையும் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு நானே செய்த பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் வைரவர் பொங்கலை நேரலை செய்துகொண்டிருந்தேன். நள்ளிரவுக்குப் பின் ஒருவர் உரு வந்து, அதாவது தெய்வம் ஏறி, வாக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். 2009இல் மகனைத் தொலைத்த ஒரு தாய் அவர் முன்னே வந்து நின்று, பிள்ளை இருக்கிறானா இல்லையா என்று கேட்டார். பார்ப்பவர்களின் எண்ணிக்கை அறுபதிலிருந்து முந்நூறுக்கு ஏறுவதைக் கண்டு நான் கமராவை இன்னும் கிட்டக் கொண்டுபோனேன். அந்தக் கணத்தில் எனக்கு அந்தத் தாயின் முகம் தெரியவில்லை, மூலையில் ஓடிய அந்த இலக்கம்தான் தெரிந்தது. ஊர்ப் பெரியவர் ஒருவர் என் தோளில் தட்டிய பிறகே நிறுத்தினேன். பத்து நிமிடத்துக்குள் முழுப் பதிவையும் அழித்தேன். அதற்குள் யாரோ திரையைப் பதிவு செய்து, நாற்பது வினாடிக்கு வெட்டி, வேடிக்கை இசை சேர்த்து ரிக்ரொக்கில் போட்டுவிட்டார்.

ஒரு கிழமை கழித்து மன்னிப்புக் கேட்க அந்தத் தாயின் வீட்டுக்குப் போனேன். அவர் என்னைத் திட்டவில்லை. “தம்பி, அவர் சொன்ன மறுமொழி எனக்கு வடிவாக் கேக்கேல்லை, அந்தப் படத்தில இருக்கோ?” என்று கேட்டார். வெட்டப்பட்ட துண்டில் கேள்வி மட்டும் இருந்தது. மறுமொழி இருந்த முழுப் பதிவை நான் அழித்துவிட்டிருந்தேன்.

ரொறன்ரோவிலிருந்து ஒரு மகள்:

உங்கள் உபயகாரர்களின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அதனால் முதலில் நன்மையைத்தான் சொல்வேன்.

விசுவமடுவில் அப்பா காலமானபோது எனது அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வந்திருக்கவில்லை. நாட்டை விட்டு வெளியேறினால் திரும்பி வர முடியாது. அங்கே காலை பத்து மணிக்குக் கிரியை தொடங்கியபோது இங்கே நள்ளிரவு தாண்டி அரை மணி. பிள்ளைகள் உறங்க, சமையலறை மேசையில் கணினியை வைத்துக்கொண்டு தனியே இருந்து பார்த்தேன். சுண்ணம் இடித்த ஓசை ஏறக்குறைய அரை நிமிடம் பிந்தி வந்தது. அங்கிருந்து வட்ஸ்அப்பில் என்னுடன் பேசிக்கொண்டிருந்த மருமகன், “மாமி, வாய்க்கரிசி போடப் போகினம்” என்றபோது எனது திரையில் இன்னும் தேவாரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அரை நிமிடப் பிந்தலை நான் மறக்கமாட்டேன். ஆனால் அந்த நேரலை இல்லாவிட்டால் எனக்கு அப்பாவின் முகமே கிடைத்திருக்காது. ஒரு பதிவைப் பிறகு பார்ப்பதும் அவ்வேளையில் பார்ப்பதும் ஒன்று என்று சொல்பவர்கள் தூரத்தில் இருந்து ஒருவரை இழக்காதவர்கள். எல்லோரும் எழுந்து நின்றபோது நானும் எழுந்து நின்றேன். பதிவு செய்யப்பட்ட காணொளிக்கு யாரும் எழுந்து நிற்பதில்லை.

இனி மற்றப் பக்கம். ஒழுங்கு செய்தவர் அதை எல்லோரும் பார்க்கக்கூடிய ஒரு முகநூல் பக்கத்தில் விட்டிருந்தார். எங்கள் உறவினர்களின் அனுதாபச் செய்திகளுக்கு நடுவே முன்பின் அறியாத ஒருவர், வீட்டுக்குப் பக்கத்துக் காணி விற்பனைக்கு உண்டா என்று கேட்டிருந்தார். அப்பாவின் உடல் வீட்டில் இருக்கிறது, அவருடைய காணிக்கு விலை கேட்கிறார்கள். அம்மா மயங்கி விழுந்தபோது கமரா அவரை விட்டு விலகவில்லை. சேலை விலகியதை யாரோ ஒரு மாமி ஓடிவந்து சரிசெய்யும் வரை முழு உலகமும் பார்த்தது. அடுத்த மாதம் அம்மா சொன்னார்: “நீ பாக்கவேணுமெண்டு ஆசைப்பட்டாய், நான் ஒண்டும் சொல்லேல்லை.” அந்த நேரலைக்குக் காசு கொடுத்தது நான். கமராவுக்கு முன்னால் நின்றது அம்மா. அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

முப்பத்தோராம் நாளை வேறு விதமாகச் செய்தோம். சூமில் உறவினர்கள் முப்பத்தைந்து பேருக்கு மட்டும் இணைப்பும் கடவுச்சொல்லும் கொடுத்தோம். கமரா வாசலில் ஓரிடத்தில் நின்றது. யாரும் அதைத் தூக்கிக்கொண்டு திரியவில்லை. முடிந்த பிறகு அம்மா தானே வந்து கமராவுக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரித்தார். முகநூலில் ஆயிரக்கணக்கானோர் பார்த்தபோது கிடைக்காதது அது.

ஆகவே உங்கள் நான்கு உபயகாரர்களிடமும் ஒன்று கேளுங்கள்: அவர்கள் அம்மனைப் பார்க்க விரும்புகிறார்களா, தங்கள் பெயர் வாசிக்கப்படுவதை ஊர் உலகம் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறார்களா? இரண்டும் பிழையில்லை. ஆனால் முதலாவதற்கு மூடிய இணைப்புப் போதும். நான் இதை எழுதுவதால் சிலர் கோபிப்பார்கள், பரவாயில்லை.

மாங்குளத்தான்:

நேரலை வந்தால் ஊர்ச் சனம் கோவிலுக்கு வராது என்று எங்கள் ஊரிலும் பயந்தார்கள். இரண்டு ஆண்டுகளாகச் செய்கிறோம்; வருகிறவர்கள் வருகிறார்கள். அன்னதானத்தை இன்னும் எந்தக் கைத்தொலைபேசியிலும் அனுப்ப முடியவில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். எங்களுக்கு உண்மையில் குறைந்தது தேர்வடம் பிடிக்கும் கைகள்தான். முன்பு வடம் பிடித்த இளைஞர்கள் இப்போது தேருக்கு முன்னால் பின்புறமாக நடந்துகொண்டு ஆளுக்கொரு நேரலை செய்கிறார்கள். சென்ற ஆண்டு ஒருவர் அப்படி நடந்து சில்லுக்கட்டையில் தடுக்கி விழுந்தார். நல்ல வேளையாகத் தேர் நின்றுகொண்டிருந்தது. யார் நேரலை செய்வது என்று சபை ஒருவரைத் தீர்மானித்து மற்றவர்களை வடத்துக்கு அனுப்புங்கள்.

கிளிநொச்சி ஆசிரியை:

திருவிழாவில் பிள்ளைகளின் பேச்சும் நடனமும் இருக்கும் என்று நினைக்கிறேன். அதைப் பற்றி மட்டும் எழுதலாம் என்றுதான் தொடங்கினேன், ஆனால் கமராக்காரத் தம்பி எழுதியதை வாசித்த பிறகு “அழித்துவிட்டேன்” என்ற சொல்லில் நின்றுவிட்டேன்.

நேரலைக்கும் மற்றக் காணொளிக்கும் உள்ள வேறுபாடு அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. பதிவு செய்த காணொளியை வெளியிடுவதற்கு முன் ஒருவர் பார்க்கிறார், வெட்டுகிறார், வேண்டாததை விடுகிறார். நேரலையில் பார்ப்பவரும் படம் பிடிப்பவரும் ஒரே கணத்தில்தான் அறிகிறார்கள், ஆகவே பிழை முதலில் வெளியே போகிறது, யோசனை பிறகு வருகிறது. 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ற்சேர்ச் நகரப் பள்ளிவாசல்களில் நடந்த படுகொலையைக் கொலையாளியே முகநூலில் நேரலையாகக் காட்டினான். அது நடந்துகொண்டிருந்தபோது பார்த்தவர்கள் 200 பேருக்கும் குறைவு என்று முகநூல் நிறுவனம் பின்னர் தெரிவித்தது. அப்படியிருந்தும் முதல் 24 மணித்தியாலத்தில் 15 இலட்சம் பிரதிகளை நீக்கவோ தடுக்கவோ வேண்டியிருந்ததாக அதே நிறுவனம் கூறியது. அவற்றில் 12 இலட்சத்துக்கு மேற்பட்டவை பதிவேற்றும்போதே தடுக்கப்பட்டவை. அத்தனை பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால் ஓர் ஆலய சபை எதை அழிக்கப் போகிறது? ஒரு கொலையையும் ஒரு திருவிழாவையும் ஒப்பிடுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரதி பெருகும் விதம் ஒன்றுதான் என்பதற்காகச் சொன்னேன்.

பிள்ளைகள் மேடையேறும் பகுதியை நேரலையில் காட்டாமல் விடுவது நல்லது என்பது என் கருத்து. காட்டத்தான் வேண்டும் என்றால் பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டு, பிள்ளையின் முழுப் பெயரையும் பாடசாலையின் பெயரையும் அறிவிப்பாளர் சொல்லாமல் விட்டு, பார்வையாளர் எழுதும் கருத்துப் பகுதியை மூடிவிடுங்கள். யூரியூப்பில் அதை முற்றாக நிறுத்தலாம். எங்கள் மாணவி ஒருத்தி பரத நாட்டியம் ஆடியபோது ஓடிய கருத்துகளை வாசித்துவிட்டு அடுத்த ஆண்டு மேடை ஏற மறுத்தாள். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பிள்ளைகள் தாமாக நேரலை செய்யும் பிரச்சினை வேறு இருக்கிறது. 2025 ஜூலை முதல் யூரியூப்பில் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் தனியே நேரலை செய்ய முடியாது. ஆனால் அண்ணனின் கணக்கில் செய்பவர்களை யார் தடுப்பது?

இன்னொன்றையும் இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. திருவிழா நேரலையின் நடுவே “இந்த அம்மாவுக்கு வீடு இல்லை, புலம்பெயர் உறவுகள் உதவ வேண்டும்” என்று ஒருவரைக் கமராவுக்கு முன்னால் நிறுத்தும் வழக்கம் வன்னியில் பரவிவிட்டது. கணவனை இழந்த பெண்ணும் கால் இழந்த ஆணும் தங்கள் வறுமையை அழுது காட்டினால்தான் காசு வருகிறது. உதவி உண்மையில் வருகிறது, அதை நான் மறுக்கவில்லை. என் வகுப்பில் துவிச்சக்கரவண்டி அப்படிக் கிடைத்த பிள்ளை இருக்கிறான். ஆனால் அவனுடைய அம்மா அழுத காட்சியை வகுப்பில் இருந்த எல்லோரும் பார்த்திருக்கிறார்கள் என்பதும் அவனுக்குத் தெரியும். துவிச்சக்கரவண்டியை அவன் பாடசாலைக்குக் கொண்டுவருவதில்லை. உங்கள் சபை அந்த வேலையை நேரலையில் செய்யாதிருக்குமானால் அதுவே பெரிய காரியம்.

சட்டம் பற்றியும் இரண்டு சொல். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நடைமுறையில் இருப்பதால், உங்கள் பக்கத்தில் யாராவது வேறொரு சமயத்தைப் புண்படுத்தி எழுதினால் அது தேவையற்ற தலையிடியாக முடியலாம். கருத்துப் பகுதியைத் திறந்து விடுவதாக இருந்தால் ஒருவர் முழு நேரமும் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிள்ளைகளுக்குத் தொல்லை நேர்ந்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.

முல்லைத்தீவுச் செய்தியாளர்:

மேலே எழுதியவர்கள் எல்லோரும் நேரலையின் தீமையை அழுத்திச் சொல்லியிருப்பதால் நான் மறுபுறம் நிற்க விரும்புகிறேன்.

2008 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் சபையின் பணியாளர்களும் சர்வதேசத் தொண்டு நிறுவனங்களும் வன்னியிலிருந்து வெளியேற்றப்பட்டபோது கிளிநொச்சி அலுவலகத்தின் வாசலில் போகவேண்டாம் என்று கேட்டு நின்றவர்களில் எங்கள் உறவினர்களும் இருந்தார்கள். அதற்குப் பின் வந்த மாதங்களில் இங்கே நடந்ததை வெளியே இருந்தவர்கள் அவ்வேளையில் பார்க்கவில்லை. முகநூலில் எல்லோரும் நேரலை செய்யலாம் என்ற வசதி 2016 ஏப்ரலில் வந்தது. அது ஏழு ஆண்டு முந்தி வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் கற்பனை செய்வதில்லை. ஒரு கோபுரமும் மின்சாரமும் இல்லாத இடத்தில் நேரலையும் இல்லை. ஆனால் “பார்க்கும் கண்” என்பது எங்களுக்கு வெறும் பொழுதுபோக்காக ஒருபோதும் இருக்க முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசாமி கோவிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அத்தகைய இடங்களில் நேரலை செய்தபோது எனக்குக் கிடைத்த பாதுகாப்பைச் சொல்ல வேண்டும். கமராவைப் பறித்தாலும், அதுவரை போனது போனதுதான். அதைத் திரும்ப எடுக்க எவராலும் முடியாது. ஆசிரியை அம்மா தீமையாகச் சொன்ன அதே இயல்புதான் எங்களுக்குக் காவலாக இருந்தது. அதே வேளையில் அங்கே வந்து நின்ற இளம் பிள்ளைகளின் முகங்களையும் அந்த நேரலை யார் யாருக்கோ கொடுத்துவிட்டது. பிறகு “உங்கட மகன் அங்க நிண்டவர்தானே?” என்று வீட்டுக்கு வந்து விசாரித்த கதைகளைக் கேட்டபின், தாமாக முன்வந்து பேசுபவர்களின் முகத்தை மட்டும் கிட்டக் காட்டுவது, மற்றவர்களைப் பின்புறமாகவோ தூரத்திலோ காட்டுவது என்று வைத்துக்கொண்டேன்.

மழைக்காலத்தில் இன்னொரு பயனும் உண்டு. 2018 டிசெம்பர் வெள்ளத்தின்போது எந்த வீதி மூடப்பட்டிருக்கிறது, எந்தப் பாடசாலையில் மக்கள் தங்கியிருக்கிறார்கள் என்பதை மக்கள் கைத்தொலைபேசியில்தான் அறிந்தார்கள். ஆனால் பழைய வெள்ளக் காணொளியை நேரலைபோல ஓடவிட்டுக் “குளம் உடைக்கப் போகுது” என்று கிளப்புபவர்களும் அப்போதுதான் வருவார்கள். அதனால் நான் தொடங்கும்போதே நாளையும் மணியையும் இடத்தையும் வாயால் சொல்லிவிடுவேன். உங்கள் திருவிழா நேரலையிலும் அறிவிப்பாளர் அதைச் சொன்னால், அடுத்த ஆண்டு யாரும் இதை எடுத்துப் புதியதுபோல் ஓட்ட முடியாது.

ஒட்டுசுட்டான் வாசி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று நடந்த சபைக் கூட்டத்தில் இவை அனைத்தையும் வாசித்தேன். ரொறன்ரோ அக்கா எழுதியதை வாசிக்கும்போது தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய மகளும் சுவிசில் இருக்கிறார் என்பதை இங்கே சொல்ல வேண்டும்.

பகல் திருவிழாக்களையும் தேரையும் நேரலை செய்வது என்று முடிவாகியிருக்கிறது. யூரியூப்பில் பட்டியலில் வராத இணைப்பாக வைத்து, உபயகாரர் குடும்பங்களின் வட்ஸ்அப் குழுவுக்கு மட்டும் அனுப்புவோம். அந்த இணைப்பையும் யாராவது பிறருக்கு அனுப்பலாம் என்று விளையாட்டுக் கழகத் தம்பி ஒருவர் சரியாகவே சொன்னார். ஆனாலும் தேடுபவர் கண்ணில் படாது என்ற அளவில் ஏற்றுக்கொண்டோம். கருத்துப் பகுதி மூடியிருக்கும். கமரா கொடித்தம்பத்துக்கு எதிரே உள்ள வேம்பின் கீழ் ஒரே இடத்தில் நிற்கும். மேற்கு வீதியில் நிற்பவர்கள் படத்தில் வரமாட்டார்கள் என்று ஒவ்வொரு நாளும் ஒலிபெருக்கியில் அறிவிப்போம். பிள்ளைகளின் கலைநிகழ்ச்சியைப் பதிவு செய்து, பெற்றோர் பார்த்த பின்னர் அனுப்புவோம்.

முடிவாகாத ஒன்று இருக்கிறது. கடைசி நாள் இரவுப் பொங்கல்தான் வெளிநாட்டில் உள்ளவர்கள் எல்லாவற்றிலும் அதிகமாகக் கேட்பது. பானை பொங்கி வழிவதைக் காட்டிவிட்டு, உரு ஆடத் தொடங்குவதற்கு முன் நிறுத்தலாம் என்று சிலர் சொன்னார்கள். அது எப்போது தொடங்கும் என்று அம்மனுக்குத்தான் தெரியும் என்று தலைவர் சொன்னார், அதற்கு ஒருவரிடமும் மறுமொழி இல்லை. கமராக்காரத் தம்பி, ஏதாவது வழி இருக்கிறதா?

புதுக்குடியிருப்புக் கமராக்காரன்:

வழி இருக்கிறது ஐயா. கணினியில் ஓபிஎஸ் என்ற இலவச மென்பொருள் மூலம் அனுப்பினால், படம் வெளியே போவதை ஒரு நிமிடமோ அதற்கு மேலோ வேண்டுமென்றே பிந்தச் செய்யலாம். யாராவது உரு வந்தவுடன் பொத்தானை அழுத்தினால் வெளியே இருப்பவர்கள் பானை பொங்கியதோடு நிறுத்திக்கொள்வார்கள். அதற்குப் பின் நடந்தது அவர்களுக்குப் போகாது. நிறுத்தும்போது தேங்கியிருக்கும் பகுதியையும் விடாமல் உடனே துண்டிக்கும்படி அமைக்க வேண்டும், அதை நான் முதலே சோதித்துக் காட்டுகிறேன். கைத்தொலைபேசியில் நேராகச் செய்தால் இந்த வசதி இல்லை. பொத்தானில் கை வைத்திருப்பவர் ஊரவராக இருக்க வேண்டும், நானாக இருக்கக் கூடாது. யார் எப்போது உரு வருவார் என்பது ஊரவருக்கு முகத்தைப் பார்த்தே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை வந்து வேம்படியைப் பார்க்கிறேன். ஒலிபெருக்கிக்காரரையும் வரச் சொல்லுங்கள், அவருடைய பெட்டியில் எந்த வாய் இருக்கிறது என்று பார்த்துத்தான் வயர் வாங்க வேண்டும்.